பத்துக்குப் பத்தும் சேர்ந்த பிறகு

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லைக் கொடுத்தவள் நான். தானம் கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கும் அக்கா தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கொடுப்பவரின் செல் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையில் அண்ணனுக்குப் பாதிதான் பொருந்தியது. எனக்குப் பத்துக்குப் பத்தும். உடன்பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். எங்கள் ஊர் குலசேகரத்தில் எல்லோரும் இனிப் பயமில்லை என்றார்கள். சில வாரங்களில் தம்பியின் உள்ளங்கை சிவந்தது. நெஞ்சிலும் முதுகிலும் தடிப்பு, அப்புறம் நிற்காத வயிற்றுப்போக்கு. என் செல்கள் அவன் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன என்றார் டாக்டர். ஜி.வி.எச்.டி. என்று பெயர். மாமி போனில், "பத்தும் சேந்துன்னு சொன்னாவளே மக்ளே, பெறவு எதுக்கு இப்படி?" என்று அழுதார்.

அந்தப் பத்து, ஆறாவது குரோமோசோமில் உள்ள ஐந்து மரபணுக்களின் கணக்கு. ஒவ்வொன்றிலும் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. அது சேர்ந்தால் பெரிய தடை நீங்கிவிட்டது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் எனக்கும் தம்பிக்கும் வித்தியாசங்கள் உண்டு. அவனுக்கு ஒய் குரோமோசோம் இருக்கிறது, எனக்கு இல்லை. அதிலிருந்து உருவாகும் புரதங்கள் என் செல்களுக்கு அந்நியம். போதாததற்கு நான் ஆண்பிள்ளை பெற்றவள். கர்ப்பத்திலேயே என் எதிர்ப்புச் செல்கள் அவற்றை எதிர்க்கப் பழகியிருக்கலாம். பிள்ளை பெற்ற பெண் ஆணுக்குக் கொடுக்கும்போது ஜி.வி.எச்.டி. கூடுதலாக வருவது இதனால்தான். ஆனால் அதே எதிர்ப்புதான் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லையும் தேடி அழிக்கிறது. டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எல்லாச் சிக்கலும் கொடுப்பவரின் மரபணுவால் வருவதும் இல்லை. மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்தை நோயாளியின் கல்லீரல் எப்படிச் சமாளிக்கிறது என்பதிலும் மரபணு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயாளிகளிடம் இதைப் பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள்: நச்சு நீக்க உதவும் ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு இல்லாதவர்களுக்குக் கல்லீரல் ரத்தக்குழாய் அடைப்பு அதிகம் வந்தது. நம் ஊர் நோயாளிகளை வைத்தே கண்டது என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

தம்பிக்கு ஸ்டீராய்டு கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்தார்கள். இப்போது ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கணக்கு பார்க்கிறான். கையில் அங்கங்கே தோல் இன்னும் கறுத்திருக்கிறது. "அக்கா கொடுத்ததுல வந்தது" என்று யாராவது சொன்னால், "அக்கா கொடுத்ததுலதான் இருக்கேன்" என்கிறான்.