மழைக்குள் வேலை, மார்கழியில் பில்

கொந்தராத்துக்காரன் என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரு படம் இருக்கிறது. வெள்ளை பிக்கப், சட்டைப் பையில் இரண்டு போன், சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டுகிற ஆள். அப்படிச் சிலர் இருக்கிறார்கள்தான். ஆனால் சீடாவில், அதுதான் முன்பு இக்டாட் என்று இருந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில், பதிவுத் தரங்களில் சிஎஸ்2 மேல்தட்டு, சி9 அடித்தட்டு. அந்த அடித்தட்டில் பதிந்துகொண்டு முன்பள்ளிச் சுற்றுமதில், பாடசாலைக் கழிப்பறை, வாய்க்கால் மதகு என்று ஓடுகிற எங்களில் அனேகம் பேரிடம் இருப்பது ஒரு மிக்சர் மெசினும் ஹார்ட்வெயார் கடையில் ஒரு கடன் கொப்பியும்தான். நான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்து இந்தத் தொழிலைச் செய்கிறேன்.

விலைவாசியைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். அதைவிட எங்களை முறிப்பது திகதி.

அரசாங்கத்தின் வருடம் தையில் (ஜனவரி) தொடங்கி மார்கழியில் (டிசம்பர்) முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, அதற்கு அனுமதி எடுத்து, கூறுவிலை கோரி, கூறுவிலைப் பெட்டி திறந்து, எங்கள் கையில் வேலைக் கடிதம் தருவதற்குள் பல வருடங்களில் ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். வைகாசி தொடங்கி ஆவணி வரை வன்னியில் நிலம் காய்ந்து கிடக்கும். அத்திவாரம் வெட்ட அதைவிட நல்ல காலம் இல்லை. அப்போது எங்களுக்கு வேலை இல்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்த பிறகுதான் 'கெதியாய்த் தொடங்குங்கோ' என்று போன் வரும்.

ஐப்பசியில் கண்டாவளைப் பக்கம் களிமண்ணில் அத்திவாரம் வெட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். காலையில் தண்ணீரை இறைத்தால் பின்னேரம் திரும்ப நிரம்பியிருக்கும். உள்ஒழுங்கைக்குள் டிப்பர் இறங்காது, இறங்கினால் ஏறாது. ஆற்றில் தண்ணீர் வந்தபின் மணலும் கஷ்டம். போதாததற்கு மேசன்மாரில் பாதிப்பேர் வயல்காரர், விதைப்பை விட்டுவிட்டு வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எனக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறது.

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது, தளத்துக் கொட்டிலில் அடுக்கியிருந்த சீமெந்து முழுவதும் கல்லாகிவிட்டது. ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். மழைக்கு நாள் நீட்டித் தருவார்கள், காசு நீட்ட மாட்டார்கள். நாளை நீட்டினாலும் மார்கழி 31 ஐ யாராலும் நீட்ட முடியாது. அன்றோடு அந்த வருடக் கணக்கு மூடப்படும், செலவாகாத ஒதுக்கீடு போய்விடும். அதனால் மார்கழி பிறந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் பதற்றம், எங்களுக்கும் பதற்றம். 'அண்ணை, பத்தாம் திகதிக்குள்ள பில்லைத் தாங்கோ, மிச்சத்தைப் பார்ப்பம்' என்பார் அவர். காயாத சுவரில் பூச்சு வெடிப்பதும் தரை இறங்குவதும் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பெயர் மட்டும் கொந்தராத்துக்காரனின் களவு.

பில் கொடுத்தால் காசு வந்துவிடுமா? ஒதுக்கீடு இருக்கும், இம்பிரெஸ்ட், அதாவது கையில் வரவேண்டிய காசு, வந்திருக்காது. திறைசேரி காசை விட்டால்தான் திணைக்களம் செக் எழுதலாம். வந்த பில்லிலும் நூற்றுக்குப் பத்தைப் பிடிமானம் என்று பிடித்து வைப்பார்கள், மொத்த ஒப்பந்தத்தின் 5 வீதம் சேரும்வரை. அதில் பாதி வேலை முடிந்ததும் வரும், மீதி பிழைதிருத்தக் காலமான ஒரு வருடம் கழிந்த பிறகு. எங்கள் இலாபமே அந்த 5 வீதத்துக்குள்தான் கிடக்கிறது. கடைக்காரருக்கு நான் சொல்லும் வசனம் மாறுவதில்லை: 'அண்ணை, காசு விழுந்தால் முதல் உங்கடைதான்.' அவரும் தலையாட்டுவார். சென்ற முறை அவர் கொப்பியைத் திருப்பி என் பக்கம் வைத்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

இடைவெளியை வங்கிக் கடனால் நிரப்பலாம் என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்வார்கள். இங்கே காணி அனேகமாகப் பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்தது. மூன்று தலைமுறையாக இருந்தாலும் காணி உறுதிப் பத்திரம் இல்லை, அதனால் ஈடாக வைக்கப் போனால் மனேஜர் கடதாசியைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பித் தருவார். வேலையை ஒழுங்காய் முடிப்பேன் என்பதற்கான செயலாற்றுப் பிணைக்கு ஒப்பந்தத் தொகையின் 5 வீதம் வேண்டும், எனக்கு அதை முழுக்கக் காசாக வைப்பிலிட்டால்தான் வங்கி எழுதித் தந்தது. பிணை கொடுப்பதற்கென்றே நிர்மாண உத்தரவாத நிதியம் என்று கொழும்பில் ஒன்று இருக்கிறது, தெரியாத தம்பிமார் விசாரித்துப் பாருங்கள். மற்றும்படி வீட்டில் நகைதான். எங்கள் திருமணப் படத்தில் இருக்கிற பதக்கச் சங்கிலி வருடத்தில் பாதி அடகுக் கடையில்தான்.

2022 ஐப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. 2021 கடைசியில் 1,275 ரூபாய்க்கு வாங்கிய சீமெந்துப் பை 2022 சித்திரையில் 2,350 ஆனது. என் வேலை மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டியது. அப்படிக் குறுகிய ஒப்பந்தத்தில், பொருள் விலை ஏறினால் கூட்டித் தருகிற விலைச் சீராக்கல் சேர்க்கப்படவில்லை, பெரிய வேலைகளுக்குத்தான் சூத்திரம் போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். அதே சித்திரையில் மத்திய வங்கி வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. என்னோடு பதிந்த இரண்டு பேர் அந்த வருடத்தோடு மிக்சரை விற்றுவிட்டார்கள். ஒருவர் இப்போது கட்டாரில் மேசன் வேலை.

சின்ன வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு நேரடியாகக் கொடுக்கிறார்களே என்று சிலர் எரிவதும் உண்டு. எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. சங்கம் எடுத்தாலும் கடைசியில் மேசன் தேடி எங்களில் ஒருவனிடம்தான் வருகிறது, பதிவுப் புத்தகத்தில் அந்த வேலை ஏறாது என்பதுதான் நட்டம். தரம் உயர்த்தக் கேட்டால் செய்த வேலையின் கடிதம் கேட்பார்கள், கடிதம் சங்கத்தின் பெயரில் இருக்கும்.

மாவட்டக் கூட்டங்களில் பயிற்சி தருகிறோம், கணினியில் கூறுவிலை போடச் சொல்லித் தருகிறோம் என்கிறார்கள். தரட்டும். நான் கேட்பது ஒன்றுதான். மதிப்பீட்டையும் அனுமதியையும் முந்தின வருட மார்கழிக்குள் முடித்து வைத்து, பங்குனியில் கடிதத்தைத் தாருங்கள். ஆவணிக்குள் கூரையைப் போட்டுவிட்டு நாங்கள் விதைப்புக்குப் போகிறோம்.

இந்த வருடம் ஒரு பாடசாலை வேலைக்குப் படிவம் வாங்கியிருக்கிறேன். பெட்டி திறக்கும் திகதி செப்டெம்பர் கடைசி. இந்த முறை என் கூறுவிலையில் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் டீசலுக்கும் தனியாக விலை போட்டிருக்கிறேன். விலை கூடி வேலை வேறு ஆளுக்குப் போனாலும் பரவாயில்லை.