செனெகா ஏரிக்கரை ஒயின் பண்ணைகள்: வண்டியை நிறுத்துமுன்

நியூஜெர்சியிலிருந்து நயாகராவுக்குக் காரில் கிளம்பும் நம்மவர்கள் வழியில் நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் அருவிகளைப் பார்த்துவிட்டு, அப்படியே வடக்கே விரட்டிவிடுகிறார்கள். அந்த ஊர் செனெகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது. அங்கிருந்து ஏரியின் மேற்கே 14ஆம் எண் சாலையும் கிழக்கே 414ஆம் எண் சாலையும் போகின்றன. இரண்டு பக்கமும் வரிசையாக ஒயின் பண்ணைகள். பேருந்துகள் நிற்கும் பெரிய இடங்களைத் தாண்டி, தோட்டத்து நடுவே பழைய களஞ்சியம் போல நிற்கும் சின்னக் கட்டடமாகப் பார்த்து உள்ளே திருப்புங்கள். அங்கே ருசி பார்க்க ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுப்பவரே பல சமயம் கொடியை வெட்டிக் கவாத்து செய்தவராகவும் இருப்பார். 1976இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த பண்ணை ஒயின் சட்டம்தான் இப்படிச் சிறு விவசாயிகள் நேரடியாக மக்களிடம் விற்க வழி செய்தது.

இந்தக் குளிரில் திராட்சையா என்றால், ஏரிதான் காரணம். ஆழம் 188 மீட்டர். கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் கரைச்சரிவுகள் ஓரளவு தப்பிக்கின்றன. ஆனாலும் ஐரோப்பியக் கொடி இங்கே பிழைக்காது என்றே நெடுநாள் நம்பினார்கள். உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், வேருக்கென்று வளர்க்கும் சரியான வேறு கொடியில் ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்று விடாமல் வாதாடி, 1962இல் பக்கத்துக் கியூகா ஏரிக்கரையில் தன் பண்ணையைத் தொடங்கிக் காட்டினார். இலையுதிர் காலக் கடைசியில் போனால் கொடிகளின் அடியைப் பாருங்கள்: நம் ஊரில் கரும்புக்கு மண் அணைப்பது போல, ஒட்டுப் போட்ட இடம் மறையும்படி மண் அணைத்திருப்பார்கள். மேலே இருப்பது பனியில் கருகினாலும் அந்த ஒட்டு உயிரோடு இருந்தால் கொடி மறுபடி துளிர்க்கும்.

இந்த மண்ணுக்கு வாய்த்தது வெள்ளை ஒயின் தரும் ரீஸ்லிங் திராட்சை. பட்டியலில் எத்தனை வகை இருந்தாலும் அதிலிருந்து தொடங்குங்கள். இனிப்பில்லாதது முதலில், இனிப்பு கடைசியில். வரிசை மாறினால் இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகத்தான் நாக்கில் படும். பல பாட்டில்களின் பின் லேபிளில் இனிப்பின் அளவைக் காட்டும் ஒரு கோடு இருக்கும். அதைப் பார்த்தே வாங்கலாம்.

கிளாஸைத் தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். அடிப்பாகம் மேசையில் இருக்கும்போதே இரண்டு சுற்றுச் சுழற்றினால் சிந்தாது, வாசனையும் எழும். ஒரு வாய் எடுத்து ஐந்து விநாடி வாயிலேயே வையுங்கள். மாங்காயைக் கடித்தது போலத் தாடை ஓரத்தில் எச்சில் ஊறினால் அது அமிலம். இது உண்மையில் இனிப்பா, இல்லை பழ வாசனைதான் இனிப்பு போல ஏமாற்றுகிறதா என்று சந்தேகம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வாசனை மறைந்துவிடும், சர்க்கரை இருந்தால் அது மட்டும் நாக்கில் நிற்கும். வயதான ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அது அந்தத் திராட்சையின் இயல்பு. ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது. தயங்காமல் சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். அடியில் கற்கண்டுத் தூள் போலக் கிடப்பது கண்ணாடி அல்ல, குளிரில் படிந்த திராட்சை உப்பு.

அன்றைக்கு மல்லிகைப்பூவும் சென்ட்டும் வேண்டாம். உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் அடைத்துவிடும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். காரில் கொண்டுபோன தயிர்சாதம் போதும். ஊறுகாயைத் தொட்டால் நாக்கு எரிந்து பாதி ருசி போய்விடும்.

கணக்கு முக்கியம். ஒரு ஊற்று 30 மி.லி. என்று வைத்தால் ஐந்து ஊற்று 150 மி.லி., அதாவது ஒரு முழு கிளாஸ். மூன்று இடம் ஏறி இறங்கினால் மூன்று கிளாஸ். நியூயார்க்கில் இரத்த ஆல்கஹால் 0.08 சதவீதம் வரை போகவேண்டியதில்லை, 0.05 தாண்டினாலே வழக்கு வரலாம். ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம். மற்றவர்களும் மேசையில் இருக்கும் வாளியில் துப்பலாம்; தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் நாக்கும் தாங்காது.

சைவக்காரர்கள் ஒன்று கேட்டாக வேண்டும்: ஒயினை எதை வைத்துத் தெளியவைத்தீர்கள்? முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பை எல்லாம் இதற்குப் பயன்படுவதுண்டு. பென்டோனைட் என்ற களிமண்ணிலும் தெளியவைக்கலாம். லேபிளில் பெரும்பாலும் இது இருக்காது. சின்னப் பண்ணையில் கேட்டால் அங்கேயே பதில் கிடைக்கும்.

வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு அருவி பார்க்கப் போவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஒரு மணி நேரத்தில் உள்ளே 45 டிகிரி தாண்டும். ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும், பழம் வேகவைத்தது போல ருசி மாறும். குளிர்பெட்டி ஒன்று கூடவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் செட்டிநாட்டுக் குழம்போடு கொஞ்சம் இனிப்புள்ள ரீஸ்லிங்கைத் திறங்கள், நன்றாகக் குளிரவைத்து. துவர்ப்பான சிவப்பு ஒயின் மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றும்.