புதுக் கம்ப்யூட்டரிலும் சிவப்புக் குறி இருக்கும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் மெஷினோடு சேர்த்து மனிதர்களின் பயமும் மேஜைக்கு வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, மைக்ரோசாஃப்ட்லேருந்தே போன் பண்ணினாங்க. உள்ள எல்லாம் வைரஸாம். நானே கண்ணால பார்த்தேன்."

அவர் பார்த்தது பொய்யல்ல. போனில் பேசிய மோசடிக்காரன் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லியிருக்கிறான். கம்ப்யூட்டர் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு அது. பின்னணியில் ஓடும் ஒரு சின்ன புரோகிராம் தொடங்கத் தாமதமானால்கூட மஞ்சள் முக்கோணம், சிவப்பு வட்டம் என்று குறித்து வைக்கும். முந்தின நாள் விண்டோஸ் போட்ட கடை மெஷினில் அதையே திறந்து காட்டினேன். அதிலும் வரிசையாகச் சிவப்பு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரி, என் கம்ப்யூட்டர் நம்பரைச் சரியாச் சொன்னானே?" என்றார். அதுவும் பழைய வித்தைதான். கருப்புத் திரையில் அசாக் என்று ஒரு கட்டளை அடிக்கச் சொல்வார்கள். பட்டியலின் கடைசியில் 888 என்று தொடங்கும் நீளமான எண் வரும். "இது உங்கள் மெஷினுக்கு மட்டுமே உரியது, எங்களிடம் பதிவாகியிருக்கிறது" என்று அவன் வாசித்துக் காட்டுவான். உலகத்தில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் எல்லாம் அதே எண்தான். இந்த ஆட்கள் எதையும் புதிதாகத் தயாரிப்பதில்லை. நம் வீட்டுக்குள் இருக்கிற பொருளை எடுத்து நம்மிடமே சாட்சியாகக் காட்டுகிறார்கள். படித்தவர்களும் விழுவது அதனால்தான்.

திரை முழுக்க எச்சரிக்கை, சைரன் சத்தம், கீழே ஒரு போன் நம்பர் என்று வருவது இன்னொரு வகை. அது வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் போய் பிரவுசரை மூடலாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இந்த ஒன்று தெரிந்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது போலி கஸ்டமர் கேர். ஃப்ரிட்ஜ் ரிப்பேர், ரீசார்ஜ் பணம் திரும்ப வரவில்லை என்று கூகுளில் நம்பர் தேடி நாமே கூப்பிடுகிறோம். எதிர்முனையில் பணிவான குரல், "ஒரு ஆப் மட்டும் இறக்கிக்குங்க சார்" என்கிறது. எங்கோ இருப்பவர் நம் திரையைப் பார்க்க வழி செய்யும் எனிடெஸ்க் மாதிரி ஆப்பில் வரும் எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், போன் திரையில் வரும் ஓடிபி அவனுக்கும் தெரியும். இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. "ரீஃபண்ட் வர யூபிஐ பின் போடுங்க" என்றால் அந்த நிமிடமே போனை வைத்துவிடலாம். பணம் வாங்கப் பின் தேவையே இல்லை.

இதில் எங்கள் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பேன். எனிடெஸ்க் நல்ல கருவி, நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம். "நம்பர் சொல்லுங்க, அக்செப்ட் குடுங்க" என்று வருஷக்கணக்காகப் பழக்கியது நாங்கள்தான். அந்தப் பழக்கத்தைத்தான் அவன் அறுவடை செய்கிறான்.

பணம் போனவர்கள் வந்தால் முதலில் நெட்டைத் துண்டிப்பேன். அப்புறம் வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்வேன்; உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கும். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ஆனால் பலர் மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று ரெண்டு நாள் மறைத்துவிட்டு வருகிறார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்தே போகிற பணம் நிறைய.

இப்போது கடையிலிருந்து நாங்களாகக் கூப்பிட்டு ரிமோட் கேட்பதில்லை. வாடிக்கையாளர்தான் கடை நம்பருக்குக் கூப்பிட வேண்டும். வேலை முடிந்ததும் ஆப்பை நீக்கச் சொல்லிவிடுவோம். பில் விஷயமாக நான் கூப்பிட்டால்கூட, "வைப்பா, நானே கடைக்குக் கூப்பிடுறேன்" என்று கட் செய்துவிடும் ஒரு அம்மா இருக்கிறார். வேலை ரெட்டிப்பாகிறதுதான். எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் அவர்.