உட்கார்ந்து ஒரு டீ

"குடிச்சிட்டீங்கன்னா கிளாஸைக் குடுங்கக்கா."

மதுரை காளவாசல் பக்கம் ஒரு டீக்கடையில் மாஸ்டர் இப்படிக் கேட்டபோது கிளாஸில் இன்னும் கால்வாசி டீ இருந்தது. கோபமாகக் கேட்கவில்லை, துரத்தவும் இல்லை. அவருக்குக் கிளாஸ் வேண்டும், எனக்குப் பின்னால் ஆள் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் வேலை தேடிப் போய், காலையிலிருந்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் காத்துக் கிடந்து, உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, அடுத்த இடத்துக்குச் சாயங்காலம்தான் போகணும், அதுவரை எங்கே போவது என்று மலைத்துப்போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தேன், நாக்கு வெந்தது, கிளாஸைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். எழுந்த மறு நிமிஷம் ஒருத்தர் அந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டார். உட்காரவில்லை, தன் பையை அதன்மேல் வைத்துவிட்டு நின்றபடியே டீ குடித்தார்!

நம்ம மலேசியாவில் இப்படி நடக்குமா, நீங்களே சொல்லுங்கள். மாமாக் கடையில், அதாவது அங்கத்திய தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஒரே ஒரு தே தாரிக்கை (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) வாங்கி வைத்துக்கொண்டு ஃபுட்பால் ஆட்டம் முழுசையும் பார்த்து, தோற்ற டீமைத் திட்டித் தீர்த்து, அதற்கப்புறமும் உட்கார்ந்திருந்தால்கூட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மிஞ்சிப்போனால் "வேற ஏதாச்சும் வேணுமா பாஸ்" என்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாமாக் கடைக்காரர்களில் பலருடைய பாட்டன்மார் கடையநல்லூரிலிருந்தும் ராமநாதபுரம் பக்கமிருந்தும் கப்பலேறியவர்கள். எல்லாம் மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். டீ ஆற்றும் கையை இங்கிருந்துதான் கொண்டுபோயிருக்கிறார்கள். நாற்காலியைப் பினாங்கில் இறங்கிய பிறகுதான் வாங்கியிருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது சுங்கை பட்டாணி, கணக்கு எழுதிக்கொண்டிருந்தது பட்டர்வொர்த்தில் ஒரு லோரி கம்பெனியில். வீட்டுக்காரர் மதுரைக்காரர், பினாங்குக்கு வேலைக்கு வந்தவர். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் அவர் ஊர் திரும்ப, நானும் பெட்டி கட்டித் திருச்சி விமானத்தில் ஏறிவிட்டேன். வீடு செல்லூரில். ரஜூலா கப்பலில் அங்கே போய் இறங்கிய என் பாட்டி இதைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இந்த வாரம் முழுக்க அலைச்சல்தான். காலையில் மாமனாருக்கு மாத்திரை, கஞ்சி, அப்புறம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ். போகிற இடத்திலெல்லாம் நான் ஒரு காட்சிப்பொருள். எல்சிசிஐ (லண்டன் வணிகச் சபையின் கணக்குத் தேர்வு) மூன்றாம் நிலை என்று சான்றிதழை நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பி.காம் இல்லையாம்மா?" என்கிறார்கள். நம்ம ஊரில் பாதி அக்கவுண்ட்ஸ் கிளார்க்குகள் அதை வைத்துத்தான் பிழைக்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது? ஆட்டோகவுன்ட் என்கிற கணக்கு சாஃப்ட்வேர் தெரியும் என்றால் அது ஏதோ ஆட்டோ ஓட்டுகிற சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். இங்கே டேலி, டேலி, டேலி. அது தெரியாவிட்டால் இரட்டைப் பதிவுக் கணக்கு தெரிந்தும் பிரயோஜனமில்லை.

அப்புறம் ஓசிஐ அட்டை, அதாவது 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்று அரசாங்கம் தருகிற அட்டை. இந்தியரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டார், பதிவுத் திருமணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் இதற்கு மனுப்போட முடியும். இதை வைத்துக்கொண்டு கம்பெனி வேலை செய்யலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசாங்க வேலையும் கிடையாது. நான் என்ன கலெக்டர் உத்தியோகமா கேட்கிறேன்! ஆனால் இதைப் பார்த்ததும் எச்ஆர் பெண்கள் முகத்தில் ஒரு கலவரம். "இது விசாவா மேடம், பாஸ்போர்ட்டா?" விளக்கிச் சொன்னால் "சார்கிட்ட கேட்டுச் சொல்றோம்" என்று ஃபைலை ஓரமாக வைக்கிறார்கள். ஆதார் கேட்கிறார்கள். அதற்கு இங்கே கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 182 நாளாவது இருந்திருக்கணும், இந்த வாரம்தான் போய் விரல்ரேகை வைத்துவிட்டு வந்தேன். ஓர் இடத்தில் "பூர்வீகம் எங்கிட்டு? என்ன ஆளுக?" என்றே கேட்டுவிட்டார்கள். திருச்சிப் பக்கம் என்று மட்டும் தெரியும் என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை, திருச்சிப் பக்கம், திருச்சிப் பக்கம் என்றே சொல்லிவிட்டு வந்தேன்.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி பதினெட்டாயிரம் தருவதாகச் சொன்னது, சனிக்கிழமையும் வேலை. ரூபாயை வெள்ளியாக்கி, அதாவது மலேசிய ரிங்கிட்டாக்கிப் பார்க்கிற கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. இருபதால் வகுத்தாலே தொள்ளாயிரம் வெள்ளிதான். அங்கே குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. வகுக்காதே, வகுத்தால் வயிறு எரியும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான், செல்லூரில் வாடகையை யாரும் வெள்ளியில் கேட்பதில்லை.

ஆனால் பஸ்ஸைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, 2021 முதல். ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர் சைபர் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். ஓசிஐயா, ஆதாரா, என்ன ஆளு, ஒன்றும் கேட்பதில்லை. இந்த நாட்டில் என்னிடம் எந்தக் காகிதமும் கேட்காத ஒரே ஆள் அவர்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் வரை ராணி மாதிரி போகலாம்.

இறங்கிய பிறகுதான் பிரச்சினை. ஓர் இன்டர்வியூவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மனுஷி எங்கே போய் உட்கார்வது?

சாப்பாட்டுக் கடையில் நாற்காலி உண்டு. ஆனால் இலையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து ஓட்டம்தான். பின்னால் ஒருத்தர் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நாம் கடைசிக் கவளத்தை விழுங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். மோர் சாதம் எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. நல்ல ஏசி காபிக்கடைகளும் இருக்கின்றன, ஆனால் அங்கே ஒரு காபிக்குக் கொடுக்கிற காசில் டீக்கடையில் ஒரு வாரம் குடிக்கலாம், வேலை தேடுகிறவளுக்குக் கட்டுப்படியாகாது.

சரி, கோயில். மீனாட்சி அம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்துப் படியில், நடை திறந்திருக்கிற வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள், காற்றும் வரும். ஆனால் 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே ஃபோன் கொண்டுபோக முடியாது, வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போகணும். எச்ஆர் எப்போது கூப்பிடுவார்களோ என்று ஃபோனையே கையில் பிடித்துக்கொண்டு அலைகிற ஜென்மத்துக்கு அது ஒத்து வருமா? அம்மன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மனசை ஃபோன் வைத்த பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் அதுவும் பாவம்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். வீட்டுக்காரர் சிரித்தார். "அங்க நீங்க எல்லாம் வெட்டியா உக்காந்திருப்பீங்க, இங்க மனுசனுக்குச் சோலி கெடக்கு" என்றார். பினாங்கில் இருந்தபோது ராத்திரி ஒரு மணிவரை நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தவர் இவர்! அத்தைக்கு வேறு கவலை. "பொம்பளப் பிள்ள ரோட்டுக் கடையில உக்காந்து டீ குடிச்சியா?" அவர் கேட்ட பிறகுதான் கவனித்தேன், அந்தக் கடைகளில் நிற்கிற பெண்களே அபூர்வம். ஆனால் மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அத்தை ஒன்றும் பேசாமல் ஒரு ஃபிளாஸ்க்கைப் பையில் வைத்தார். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாங்கியது. இஞ்சி தட்டிப் போட்ட டீ, இரண்டு கிளாஸ் வரும். அப்போதைக்குப் பிரச்சினை தீர்ந்தது, பாதி. காந்தி மியூசியம் வளாகத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மூடியில் ஊற்றிக் குடித்தேன். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது, 1959-ல் நேரு வந்து மியூசியமாகத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே போகக் காசில்லை.

அப்புறம் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. ஏசி, நாற்காலி, மேசை, எல்லாம் இலவசம், யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து தவம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்து இந்திய ஜிஎஸ்டியைப் படிக்க ஆரம்பித்தேன். நம்ம மலேசிய ஜிஎஸ்டி ஞாபகமிருக்கிறதா? 2015 ஏப்ரலில் ஆறு சதவீதமாக வந்து, 2018 ஜூனில் பூஜ்ஜியமாகிச் செத்தது. கருமாதி கணக்கெல்லாம் நான்தான் எழுதினேன். இங்கே அது 2017 ஜூலையிலிருந்து நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. மாதாமாதம் பதினோராம் தேதிக்குள் ஒன்று, இருபதாம் தேதிக்குள் ஒன்று என்று ரிட்டர்ன் தாக்கல் செய்யணும்.

இப்போது எனக்கு மதுரை பழகிவிட்டது என்று தைரியமாகச் சொல்லுவேன். வடையைப் பேப்பர் துண்டில் வைத்து அழுத்தி எண்ணெயை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். ராத்திரி பதினோரு மணிக்குக் கொத்து பரோட்டா சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வருவதில்லை. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுகிறேன். நூலகத்தில் உட்கார இடமும் கிடைத்துவிட்டது, இனி என்ன குறை? பேச முடியாது, அவ்வளவுதான். அங்கே அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோது புத்தகத்தில் கண்ணும் மனசு எங்கேயோவுமாகப் போய்விட்டது. அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வருவார், காலையில் ஏழு மணி இருக்கும், பள்ளிக்கூட சீருடையோடு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேராக மாமாக் கடைக்குத்தான் போவார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் சற்றுக் குட்டை, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பார்கள். எனக்கு ரொட்டி சானாயும் (அங்கத்திய பரோட்டா) மைலோவும், அப்பாவுக்குத் தே தாரிக், குறைந்த சீனி. பக்கத்து மேசைச் சீனக் கிழவர் நாலு நம்பர் லாட்டரி முடிவைப் பற்றி அப்பாவிடம் மலாயில் புலம்புவார். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, பள்ளிக்குத் தாமதமானதற்குக் காரணம் கிடைத்துவிடும். அப்பா அந்த நேரத்தில் மட்டும்தான் என்னிடம் பேசுவார், வீட்டுக்கு வந்தால் தூங்கிவிடுவார்.

புத்தகத்தைத் திறந்து வைத்தபடியே எவ்வளவு நேரம் இருந்தேனோ, பக்கத்துப் பையன் "அக்கா, ஃபோன் அடிக்குது" என்று மெதுவாகச் சொன்னான். வெளியே ஓடிப்போய் எடுத்தேன்.

கூப்பிட்டது கே.புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி, மறுநாள் போனேன். பாக்கெட் பரோட்டா, சப்பாத்தி, இடியாப்ப மாவு போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சான்றிதழைப் பார்க்கவே இல்லை. "பாக்கெட் பரோட்டாவுக்கு இப்ப எவ்வளவும்மா வரி?" என்றார். முந்தின நாள்தான் படித்திருந்தேன். முன்னே பதினெட்டு சதவீதம், 2025 செப்டம்பர் 22-லிருந்து வரியே இல்லை என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "மலேசியாவுல இருந்து வந்த பிள்ளைக்குத் தெரியுது, எங்க பயலுக்குத் தெரியல" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ரொட்டி சானாய் தின்றே வளர்ந்த உடம்பு இது, பரோட்டாவின் விதியைத் தெரிந்து வைத்திருக்க மாட்டேனா? திங்கட்கிழமை வந்து டேலியில் ஒரு மாதக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னார். சம்பளத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே டீ வந்தது. உட்கார்ந்துதான் குடித்தேன், கிளாஸை யாரும் கேட்கவில்லை. இதையே சம்பளத்தில் ஒரு பங்காக எடுத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. அங்கே எட்டு மணி என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை, அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். முதல் கேள்வியே, "வேல கெடச்சா தைப்பூசத்துக்கு லீவு குடுப்பாங்களாமா?" இங்கேயும் 2021 முதல் அரசு விடுமுறைதான், பரோட்டா முதலாளிக்கு அது பொருந்துமா என்று திங்கட்கிழமை கேட்கணும் என்றேன். அதெல்லாம் அம்மா காதில் ஏறவில்லை. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு யார் யார் வருகிறார்கள், எந்தத் தண்ணீர்ப் பந்தலில் யார் சமையல் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். சின்னம்மா இந்த வருஷமும் புளிசாதத்தில் உப்பை அள்ளிக் கொட்டுவார், ஜனங்கள் மோர்ப் பந்தலுக்கு ஓடும் என்றேன். அம்மா ஃபோனில் சிரித்த சிரிப்பில் மாமனார் விழித்துக்கொண்டு, யாரு, என்ன என்று கேட்டார், அவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.