எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட மூன்று வாரம்

2024 ஏப்ரல் கடைசியில் பர்மா முழுக்க வெயில் கொளுத்தியது. சௌக் ஊரில் 28ஆம் தேதி 48.2 டிகிரி. ரங்கூனில் அந்த அளவு இல்லை, ஆனால் கரண்ட் போய் ஃபேன் நின்றால் வீடும் தெருவும் ஒன்றுதான். அந்த வாரம் மாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தேன். கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற தம்பி தாங்கிப் பிடிக்காவிட்டால் கல்தரையில் தலை மோதியிருக்கும்.

எனக்கு 61 வயது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் ஒன்று நீர் மாத்திரை, உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் சிறுநீராக வெளியேற்றுவது. பிரஷர் ஏறித்தான் மயக்கம் வந்தது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

சயாமா (டாக்டரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை ஐந்து நிமிஷம் படுக்கவைத்து பிரஷரை அளந்தார்: 136/82. நிற்கவைத்து மூன்றாவது நிமிஷம் அளந்தார்: 106/72. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு 30. அதோடு நாடியையும் எண்ணினார். படுத்திருந்தபோது 72, நின்றபோது 94. “ஊலே (பர்மிய மொழியில் மாமா), உங்கள் நரம்பு நன்றாக வேலை செய்கிறது” என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் பொறுமையாக விளக்கினார்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் பிரியும் இடத்திலும், இதயத்துக்கு மேலே வளைகிற மகாதமனியிலும், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்ததும் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி போகும். உடனே இதயம் வேகமாகத் துடிக்கும், காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக்குழாய்கள் இறுகும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. என் நாடி 94க்கு ஏறியது அந்த முயற்சிதான். நரம்பே கெட்டிருந்தால் நாடி அவ்வளவு ஏறியிருக்காது. ஆனால் வேர்வையிலும் நீர் மாத்திரையிலும் தண்ணீரும் உப்பும் போய், குழாயில் ஓடுவதற்கு ரத்தத்தின் அளவு போதவில்லை. 61 வருஷம் ஒரு முறைகூட நான் நன்றி சொல்லாத வேலை இது. கேட்டபோது கண் கலங்கியது.

“தாகமே எடுக்கவில்லையே சயாமா?” என்றேன். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குமாம், தாகத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாதாம்.

நீர் மாத்திரையின் அளவை அவர்தான் குறைத்தார். யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும். உப்பு போட்ட நீராகாரம் கேட்டேன். வெயில் தணியும்வரை காலையில் ஒரு டம்ளர் மட்டும் என்றார். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்கு அதுவும் ஆகாது. தண்ணீரைப் பாட்டிலில் அளந்து குடித்து நோட்டில் எழுதிவைத்தேன்.

கஷ்டமாக இருந்தது எழுந்திருக்கிற பழக்கத்தை மாற்றுவதுதான். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் துள்ளி எழுகிறவன் நான். இப்போது ஒருக்களித்துப் படுத்து, உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம். கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தினால் அந்தச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். அதன் பிறகுதான் நிற்பேன். நின்றும் கிறுகிறுத்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவேன், இல்லையென்றால் உடனே உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் நான்கு முறை மறந்தேன், நான்கு முறையும் கிறுகிறுத்தது. வயிறு முட்டச் சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போவதால், அன்னதானப் பந்தியிலிருந்தும் மெதுவாகத்தான் எழுந்தேன்.

மூன்றாவது வாரம் படுத்து 134/82, நின்று 124/80. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் விழுந்து கும்பிட்டேன். முட்டிபோட்டு, கொஞ்சம் நிதானித்து, தூணைப் பிடித்து எழுந்தேன். கண் தெளிவாக இருந்தது. தம்பி அன்றைக்கும் கையை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றான்.