ஒரு லோடுக்கு ஒரு வரி

16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிக் கிடந்தது. அந்த ஒரு வரி மட்டும் சிவப்பு.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. எடை மேடையில் ஏறும் பெங்களூரா மாம்பழ லோடெல்லாம் எக்ஸெல்லில் பதிவாகி, ராத்திரி அங்கிருந்து வெப் ஏபிஐக்கு, அதாவது இணையம் வழியாக இன்னொரு மென்பொருள் தகவல் வாங்கிக்கொள்ளும் வாசலுக்கு, ஒவ்வொரு வரியாகப் போகும். பதிலும் அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும்: 201 (பதிவாகிவிட்டது), 201, 201, திடீரென்று ஒரு 400 (அனுப்பியதில் தப்பு).

எண்ணாக அடித்தால் எக்ஸெல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் பூஜ்ஜியம். கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டால் இந்த வம்பே இல்லை.

"எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பலாமே தம்பி?" என்றார் கணக்கு பார்க்கும் அண்ணன்.

அனுப்பலாம், சீக்கிரமும் முடியும். ஆனால் ஒரு வரி கெட்டால் மூட்டையையே திருப்பிவிடும் ஏபிஐகள் உண்டு, அப்புறம் எந்த வரி என்று யார் தேடுவது?

வேகமாக அனுப்பினால் 429 வரும், கொஞ்சம் பொறு என்கிறது, சரி, பொறுக்கலாம்.

பதிலே வராமல் போவதுதான் தொல்லை. அங்கே பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே லோடுக்கு இரண்டு தடவை பணம். அதனால் எடைச்சீட்டு எண்ணும் கூடவே போகிறது. அதே எண் திரும்ப வந்தால் அந்தப் பக்கம் புதிதாகப் பதியாது.

போன வருஷக் கோப்பையும் ஏற்றச் சொல்கிறார் அண்ணன். அதில் பாதித் தேதி தேதியாகவே இல்லை, வெறும் எழுத்து.