தூக்கிய ஜிம்னிக்கு எந்த வீல்? உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கள்

மாருதி ஜிம்னியின் சஸ்பென்ஷனை 2 இஞ்ச் தூக்கியதும் (லிஃப்ட்) முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச் வீல் போடலாம்?" என்பதுதான். முதலில் பார்க்க வேண்டியது ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், உள்பக்கம் இருந்தால் மைனஸ். லிஃப்ட் டயருக்கு மேலேதான் இடம் தரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம், ஆக்சிலைப் பிடிக்கும் ஆர்மில் உரசுவதை அது தடுக்காது.

ஜிம்னியின் கம்பெனி வீல் 15 இஞ்ச், 5.5ஜே (5.5 இஞ்ச்) அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. ஐந்து நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.) 139.7 மி.மீ., நடுத்துளை 108 மி.மீ. அதே பி.சி.டி.யில் 7ஜே, மைனஸ் 5 எடுத்தால், அகலம் கூடுவதில் பாதி 19 மி.மீ., ஆஃப்செட் வித்தியாசம் 10. வெளியே 29 மி.மீ. தள்ளும், உள்ளே 9 மி.மீ. நுழையும். மைனஸ் 20 என்றால் உள்ளே கம்பெனி வீலைவிட 6 மி.மீ. இடம் மிஞ்சும், ஆனால் வெளியே 44 மி.மீ. பிதுங்கும். கதவெல்லாம் சேறு, பள்ளத்தில் ஸ்டியரிங் கையை வெட்டும், பேரிங்குக்கும் பாரம். மைனஸ் 5-ஐச் சுற்றி நிற்பதே நல்லது. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வளையம் (ஸ்பேசர்) போட்டுச் சமாளிக்கும் யோசனை வேண்டாம்.

அளப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. லிஃப்ட் செய்ததும், ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்டு ராடின் சாய்வு மாறி, ஆக்சிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். கொத்தனார் தூக்குக்குண்டை ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் டயர் வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே வீலுக்குக் கணக்குப் போட வேண்டும்.

விட்டம் 15-லேயே இருக்கட்டும். சாயல்குடிப் பக்கத் தேரி (செம்மணல் மேடு) மணலில் காற்றை 15 முதல் 18 பவுண்டுக்கு இறக்கித்தான் ஓட்ட முடியும். அதற்கு டயரின் பக்கச்சுவர் உயரம் வேண்டும். 235/75 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 176 மி.மீ. அதே வெளிவிட்டத்தில் 18 இஞ்ச் வீல் போட்டால் 138-தான் மிஞ்சும். டயரின் உள்விளிம்பை (பீட்) வீலோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் இல்லாத வீலில் 12 பவுண்டுக்குக் கீழே போகவே வேண்டாம். இந்த டயருக்கு ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 6 சதவீதம் குறைத்துக் காட்டும். கடலாமை முட்டையிடும் கடற்கரை மணலில் வண்டியை இறக்காதீர்கள்.

அலாயா, இரும்பு டிஸ்க்கா? தனுஷ்கோடிச் சாலையில் அடிக்கடி போகிற வண்டிக்கு டைமண்ட் கட் (முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கி லாக்கர் பூசிய) அலாய் வாங்குவது காசைக் கடலில் போடுவதுதான். கல் பட்டு லாக்கர் பெயர்ந்த இடத்தில் உப்பு நுழைந்து, அடியில் வெள்ளைப் புழு நெளிந்தது போல அரிப்பு ஓடும். குரோம் டிஸ்க் இன்னும் மோசம். பவுடர் கோட் செய்த இரும்பு டிஸ்க் கனம்தான். ஆனால் வளைந்தால் தட்டி எடுக்கலாம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பீட் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் காற்று மெல்லக் கசியும். இங்கே எல்லோரும் சீமைக்கருவேல முள்ளைத்தான் சந்தேகப்படுவார்கள். தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பாருங்கள். குமிழி விளிம்பிலிருந்து வந்தால் பஞ்சர் இல்லை. டயரைக் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, பீட் சீலர் பூசி மாட்ட வேண்டும்.

அலாய்தான் வேண்டும் என்றால் முழுக்கப் பெயின்ட் அடித்ததாக எடுங்கள், உள்பக்கம் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகளும் தாங்கும் எடையும் இருக்கிறதா பாருங்கள். இரும்பு ஹப்பும் அலுமினியமும் உப்பில் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், பஞ்சர் கடையில் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டிவரும். ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் ஒட்டாமல் தடுக்கும் பசை (ஆன்டி-சீஸ்) மெல்லிசாகத் தடவலாம். போல்ட் மரையில் தடவக்கூடாது. அதே டார்க்கில் (முறுக்கு அளவில்) நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

நட்டு எம்12, மரை இடைவெளி 1.25 மி.மீ. வீலில் நட்டு உட்காரும் குழி கூம்பா உருண்டையா என்று பார்த்து அதற்கேற்ற நட்டு வாங்க வேண்டும். மாறினால் ஓட்டத்தில் தளரும். விரலால் திருகும்போது குறைந்தது 10 சுற்றாவது ஏற வேண்டும். 100 நியூட்டன் மீட்டரில் குறுக்கு வரிசையில் இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள்.

வாட்டர் சர்வீஸில் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான், அதுவே உவர். கடைசியில் வீலுக்கு ஒரு வாளி குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஊற்றுங்கள்.

லிஃப்டும் அளவு மாறிய வீலும் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்குள் வரும். இன்சூரன்ஸ் கேட்கும்போது அது தலைதூக்கும்.

வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். கம்பெனி கொடுத்த பழைய 195 மி.மீ. அகல டயர் ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டி ஃபோர் வீல் போட்டால் டிஃபரன்ஷியல் வீணாகும். புது ஸ்டெப்னியின் கனத்தால் பின்கதவுக் கீல் தொய்கிறதா என்று மாதம் ஒருமுறை கதவைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள்.